கடலோரம் நான்கு இரவுகள்

கோடை விடுமுறை நெருங்கும்போது தென் கலிஃபோர்னியாவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரு பயணப் பட்டியல் உருவாகும். சான் டியேகோவில் தொடங்கி சாண்டா பார்பரா, பிஸ்மோ, பிக் சர், மான்டரே என்று வடக்கே நீளும் அப்பட்டியலில் ஒவ்வோர் ஊருக்கும் அரைநாள் ஒதுக்கப்பட்டிருக்கும். அண்மைக்காலமாக அதில் புதிதாக இரண்டு சேர்ந்திருக்கின்றன: கூடாரத்தில் ஓர் இரவு, பிள்ளைகளுக்கு ஒரு மணிநேர அலைச்சறுக்குப் பாடம். இவ்விரண்டின் வரவும் மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் இவை அத்தகைய பட்டியலுக்குள் அடங்கக்கூடியவை அல்ல என்பது என் கருத்து. பயணத்தையே வேறு விதமாகத் திட்டமிட வேண்டும் என்று சொல்ல விரும்புகிறேன்.

அலைச்சறுக்கு கடலின் கால அட்டவணைப்படி நடப்பது. கோடையில் இக்கரையின் தெற்கு நோக்கிய பகுதிகளை அடையும் நல்ல அலைகளுள் பல, அப்போது குளிர்காலத்தில் இருக்கும் தென் கோளத்தின் புயல்களில் பிறந்து, ஆயிரக்கணக்கான மைல்கள் கடந்து வருபவை. அவை வரும் நாளை நாம் நிர்ணயிக்க முடியாது. காலையில் காற்று அடங்கியிருக்கும். பிற்பகலில் கடற்காற்று எழுந்து நீர்ப்பரப்பைக் கலைத்துவிடும். ஓதம் நாள்தோறும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். இந்நிலையில் செவ்வாய்க்கிழமை பகல் இரண்டு மணிக்கு என்று பதிவு செய்த பாடம் பெரும்பாலும் ஒரு நிழற்படத்தோடு முடிந்துவிடுகிறது. முதல் நாள் பலகையின் மீது படுக்கவும், இரண்டாம் நாள் உடைந்த நுரையில் தள்ளப்பட்டுக் கரை சேரவும், மூன்றாம் நாள் எழுந்து நிற்கவும், நான்காம் நாள் எந்த அலையை விட்டுவிட வேண்டும் என்று அறியவும் ஒரு குழந்தைக்கு அவகாசம் வேண்டும். ஆகவே நான்கு ஊர்களில் நான்கு இரவுகளைக் கழிப்பதைவிட ஒரே கரையில் நான்கு இரவுகள் தங்குவதே மேல்.

எந்தக் கரை என்று கேட்பவர்களுக்கு, சான் கிளெமென்டே நகரை ஒட்டிய சான் ஓனோஃப்ரே மாநிலக் கடற்கரையைச் சொல்வேன். சற்று உள்ளே தள்ளி அமைந்த சான் மேட்டியோ முகாமிலிருந்து டிரெஸல்ஸ் கரைக்கு ஏறத்தாழ 2.4 கிலோமீட்டர் நடைபாதை உண்டு. இன்னொரு முகாம் மணற்பாறைக் குன்றின் மேல், பழைய 101ஆம் எண் நெடுஞ்சாலையின் தடத்திலேயே அமைந்தது. டிரெஸல்ஸ் தேர்ந்தவர்களுக்கான இடம். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கின் அலைச்சறுக்குப் போட்டிகளுக்கென 2025இல் தேர்வு செய்யப்பட்டது. அங்கே நாம் மணலில் அமர்ந்து பார்க்கலாம். பிள்ளைகள் இறங்கத் தகுந்தது அதற்குத் தெற்கே உள்ள கரை. அங்கே அலைகள் மெல்ல எழுந்து நெடுந்தூரம் உருண்டு வருகின்றன. எழுபது வயதினரும் ஏழு வயதினரும் ஒரே நீரில் இருப்பதை அங்கே காணலாம்.

இதைவிட அழகிய கரைகள் கலிஃபோர்னியாவில் இல்லையா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நிச்சயமாக உண்டு. இங்கே ஐந்தாம் எண் பெருவழிச்சாலையின் இரைச்சல் ஓய்வதில்லை. டிரெஸல்ஸ் என்ற பெயரே அங்குள்ள ரயில் பாலங்களால் வந்தது. அருகே பெண்டில்டன் கடற்படைக் காலாட்படை முகாம். 2013இல் நிரந்தரமாக மூடப்பட்ட அணுமின் நிலையம் கரையிலேயே நிற்கிறது. ஆயினும் இந்த இடத்துக்கு ஒரு வரலாறு உண்டு. கூடாரம் அடிக்கப் போகும் குடும்பம் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அது.

இந்நிலம் ராணுவத்துக்கு உரியது. 1971இல் ஐம்பதாண்டுக் குத்தகையாக மாநிலத்தின் கைக்கு வந்து பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 2021இல் குத்தகைக் காலம் முடிந்தபோது நீட்டிப்பு தரப்பட்டது. 1972இல் கலிஃபோர்னிய வாக்காளர்கள் கடற்கரைப் பாதுகாப்புக்கான முன்மொழிவை நிறைவேற்றினர்; 1976இல் கடற்கரைச் சட்டம் வந்தது. சராசரி உயர் ஓத எல்லைக்குக் கீழுள்ள ஈரமணல் இங்கே பொதுவுடைமை. பிறகு இந்தப் பூங்காவின் ஊடே, முகாமை ஒட்டி, ஏறத்தாழ 16 மைல் நீளச் சுங்கச்சாலை ஒன்றை அமைக்கும் திட்டம் எழுந்தது. அகாச்சமென் பழங்குடியினரின் தொன்மையான பன்ஹே என்னும் ஊரும் இங்கேதான் இருந்தது. அது அவர்களுக்குப் புனித இடம். 2008 பிப்ரவரியில் நடந்த விசாரணைக் கூட்டத்துக்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். கடற்கரை ஆணையம் எட்டுக்கு இரண்டு என்ற வாக்கில் திட்டத்தை நிராகரித்தது. அதே ஆண்டு டிசம்பரில் மத்திய வணிகத் துறையும் அம்முடிவை உறுதி செய்தது. 2016இல் ஏற்பட்ட உடன்பாட்டில்தான் வழக்குகள் ஓய்ந்தன.

அன்று திரண்டவர்களில் அலைச்சறுக்காளர்கள் இருந்தனர். இங்கே தங்கிப் பழகிய குடும்பங்களும் இருந்தன. ஓர் இடத்தில் உறங்கி எழுந்தவனுக்கும் அதைக் காரில் கடந்துபோனவனுக்கும் உள்ள வேறுபாடு இது. கடந்துபோனவனுக்கு அது ஒரு காட்சி மட்டுமே. தங்கியவனுக்கு அது இழக்கக்கூடிய ஒன்றாகிவிடுகிறது.

நம் மரபு நெய்தலுக்கு வகுத்த உரிப்பொருள் இரங்கல். கடலுக்குள் சென்றவனுக்காகக் கரையில் நின்று ஏங்குவதை நாம் ஈராயிரம் ஆண்டுகளாகப் பாடி வருகிறோம். பரதவர் கடலுக்குள் சென்றனர். மற்றவர்கள் கரையில் நின்று பார்த்தோம். இன்றும் நம் குடும்பங்களில் பெரும்பாலானவை முழங்கால் நனைந்ததும் திரும்பிவிடுகின்றன. கடலின் மீதுள்ள அச்சம் நியாயமானது. 2004 டிசம்பருக்குப் பிறகு அதை யாரும் பழிக்க முடியாது. ஆனால் அச்சத்தை அறிவாக மாற்றுவதற்கு நீரில் பழகுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இனி ஏற்பாடுகள். மாநில முகாம்களுக்கு ஆறு மாதங்களுக்கு முன்பே, காலை எட்டு மணிக்குப் பதிவு திறக்கும். கோடை வார இறுதிகள் விரைவில் தீர்ந்துவிடும். ஜூலையில் போக வேண்டுமானால் ஜனவரியில் தீர்மானிக்க வேண்டும். இது அலுவலக விடுப்பை முன்கூட்டியே உறுதிசெய்ய முடிந்தவர்களுக்குச் சாதகமான முறை என்ற வருத்தம் எனக்கு உண்டு. 'எதற்கும் இருக்கட்டும்' என்று மூன்று கடற்கரைகளில் இடம் பிடித்துவைத்து, இரண்டைக் கைவிடும் பழக்கத்தை நம்மவர்களிடமும் பார்க்கிறேன். கடைசி நேர ரத்துக்கும் வராமல் இருப்பதற்கும் கடுமை கூட்டும் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது நல்லதே. காலியாகக் கிடக்கும் ஒவ்வோர் இடமும், கடலோர விடுதியின் வாடகையைக் கொடுக்க இயலாத ஒரு குடும்பத்தின் விடுமுறை. திங்கள் முதல் வியாழன் வரையிலான நான்கு இரவுகளைத் தேடினால் வாய்ப்பும் கூடும், கூட்டமும் குறையும்.

சென்னைக் கடலின் வெதுவெதுப்பை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். கோடையின் உச்சத்திலும் நீர் 20 பாகை செல்சியஸை ஒட்டியே இருக்கும். உடலோடு ஒட்டும் ரப்பர் உடை பிள்ளைகளுக்குக் கட்டாயம். அதையும் நுரைப்பலகையையும் வாடகைக்கு எடுப்பதே போதும். மணலில் திருக்கை மீன்கள் புதைந்து கிடக்கும். கால்களைத் தூக்கி வைக்காமல் தரையில் தேய்த்தபடி நடந்தால் அவை விலகிப் போகும். கொட்டிவிட்டால், பொறுக்கும் அளவு சூடான நீரில் காலை வைத்துக்கொண்டு உயிர்காப்போரின் உதவியை நாட வேண்டும். உள்நோக்கி இழுக்கும் நீரோட்டத்தில் அகப்பட்டால் அதை எதிர்த்துப் போராடாமல், கரைக்கு இணையாக நீந்தி வெளியேற வேண்டும். இதைப் பிள்ளைகள் நீரில் இறங்குமுன்பே சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். நீச்சல் தெரியாத பிள்ளைக்கு ஜனவரியிலிருந்து ஜூலைவரை உள்ள ஆறு மாதங்கள் நீச்சல் வகுப்புக்கானவை. சமையலைப் பெரிதாக்க வேண்டாம். முதல் நாளுக்குப் புளியோதரை, பிறகு ஓர் எரிவாயு அடுப்பும் அரிசியும் பருப்பும் போதும்.

மற்ற நேரத்துக்குத் திட்டம் எதுவும் வேண்டியதில்லை. காலைப் பனிமூட்டம் கலையும்வரை காத்திருப்பதும், இன்றைய அலை நேற்றையதைவிடச் சிறியது என்று ஒரு சிறுமி தானாகவே கண்டு சொல்வதும் பயணத்தின் பகுதிகளே. இந்தக் கரைக்கு இன்னொரு சாலையோ இன்னொரு குத்தகைத் தகராறோ வராது என்று எவரும் உறுதி தர முடியாது. அப்போது எழுந்து பேசுபவர்களுள் நம் பிள்ளைகளும் இருக்க வேண்டுமானால், அவர்கள் இங்கே சில இரவுகளாவது உறங்கியிருக்க வேண்டும்.