“ஈயக் குட்டையில குளிச்சவங்கதானே நாங்க!”

மலேசியாவின் சுங்கை வேயில் வெள்ளீயம் தோண்டிய பள்ளத்தில்தான் இன்று சன்வே லகூன் கேளிக்கைப் பூங்காவின் செயற்கை அலை அடிக்கிறது. சன்வே என்ற பெயரே சுங்கை வேயிலிருந்து பிறந்ததுதான். ஈயக் குட்டைகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறை ஒரு வாதத்தைச் சளைக்காமல் சொல்லும்: “அந்தத் தண்ணியிலதான் குளிச்சோம், துவைச்சோம். எங்கம்மா எட்டுப் பிள்ளை பெத்தாங்க. யாருக்கு என்ன ஆச்சு?” சுரங்கத் தண்ணீரில் ஆர்செனிக் நஞ்சு என்று பேச்செடுத்தால் குரல் இன்னும் உயரும். தாய்க்கு ஒன்றுமில்லை என்றால் வயிற்றுப் பிள்ளைக்கும் ஒன்றுமில்லை. அதெல்லாம் பங்களாதேஷ் கிணற்றுக் கதை.

இதில் ஒரு பங்கு சரி. மலேசியாவில் குடிநீரில் அனுமதிக்கப்படும் ஆர்செனிக் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 1993 முதல் சொல்லிவரும் அளவும் அதுவே. குழாயைத் திறக்கும் கர்ப்பிணி பதற வேண்டியதில்லை. ஆனால் அவரைக் காப்பது சுத்திகரிப்பு நிலையம். தாயின் உடம்பு காக்கும் என்ற நம்பிக்கைதான் தவறு.

பங்களாதேஷ் கதை என்று ஒதுக்கவும் வழியில்லை. நம் ஈயப் படிவு வடக்கே தாய்லாந்து வரை நீள்கிறது. அங்கே நக்கோன் சி தம்மராட் மாகாணத்தின் ரோன் பிபூன் பழைய ஈயச் சுரங்க ஊர். சுரங்கக் கழிவிலிருந்து ஆர்செனிக் கிணறுகளில் கசிந்தது. 1987-இல் தோல் நோயாக வெளிப்பட்டது. பின்னர் 6 முதல் 9 வயது வரையுள்ள 529 பிள்ளைகளின் தலைமுடியைச் சோதித்தபோது, ஆர்செனிக் கூடியவர்களின் அறிவுத்திறன் மதிப்பெண் குறைந்திருந்தது. பிறந்த பின் ஏறியதா, கருவிலேயே ஏறியதா என்று முடி சொல்லாது. எதிர்த்தரப்பு இந்த இடத்தைச் சரியாகவே பிடிக்கும்.

கருவுக்குள் அது போகிறதா என்பதற்கு அர்ஜென்டினாவின் ஆண்டிஸ் மலையூர்களில் பதில் கிடைத்தது. 1998-இல் வெளியான ஆய்வில் தொப்புள்கொடி இரத்தத்தின் ஆர்செனிக் தாயின் இரத்தத்தில் இருந்த அளவை ஏறக்குறைய எட்டியிருந்தது. நஞ்சுக்கொடி வடிகட்டும் என்பார்கள். பெயரிலேயே நஞ்சை வைத்திருக்கும் அது இந்த நஞ்சைத் தடுப்பதில்லை. வியப்பு என்னவென்றால், அதே தாய்மாரின் பாலில் ஆர்செனிக் மிகக் குறைவு. வயிற்றில் கிடைக்காத பாதுகாப்பு மடியில் கிடைக்கிறது.

“பிறந்த பிள்ளை நல்லாத்தானே இருக்கு?” இதுதான் வலுவான கேள்வி. பங்களாதேஷின் மத்லாப்பில் கர்ப்பிணிகளின் சிறுநீரைச் சோதித்து, பிள்ளைகளையும் தொடர்ந்து கவனித்தார்கள். 7 மாதத்தில் வித்தியாசம் இல்லை. 18 மாதத்திலும் இல்லை. அங்கேயே நிறுத்தியிருந்தால் அந்தத் தலைமுறை வென்றிருக்கும். 5 வயதில்தான் பெண் பிள்ளைகளின் மொழித்திறன் மதிப்பெண்ணில் சரிவு தெரிந்தது; ஆண் பிள்ளைகளிடம் தெரியவில்லை. கர்ப்ப கால ஆர்செனிக்கோடு, பிள்ளை அந்த வயதில் குடித்த ஆர்செனிக்கும் சேர்ந்த சரிவு அது. தொட்டிலில் தெரியாத இத்தகைய குறை வகுப்பறையில் “படிப்பு ஏறல” என்ற பெயரில் வந்து உட்காரும்.

வறுமைதான் காரணம் என்பவர்களுக்குச் சுண்டெலி பதில் சொல்லும். லிட்டருக்குச் சுமார் 50 மைக்ரோகிராம் ஆர்செனிக் கலந்த நீரைச் சினை எலிகளுக்குக் கொடுத்த நியூ மெக்சிகோ ஆய்வில், குட்டிகள் கற்பதில் பின்தங்கின. அவற்றுக்கு வறுமையும் இல்லை, மோசமான பள்ளிக்கூடமும் இல்லை. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் 272 பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட முடிவு இன்னும் சங்கடமானது: வீட்டுக் கிணற்று நீரில் லிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஆர்செனிக் இருந்த பிள்ளைகள் அறிவுத்திறன் சோதனையில் 5, 6 புள்ளிகள் பின்தங்கினார்கள். நம் வரம்பில் பாதி அது.

கொதிக்க வைத்தால் போகாதா? போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும்.

பிறகு இந்தப் பக்கத்துக் கர்ப்பிணிக்குக் கவலை எங்கே? கடல் மீனைக் குற்றம் சொல்ல வேண்டாம். அதிலுள்ள ஆர்செனிக் பெரும்பாலும் தீங்கற்ற வகை. பார்க்க வேண்டியது லேகியத்தை. பழைய வைத்தியத்தில் தாளகமும் மனோசிலையும் மருந்துச் சரக்குகள். இரண்டுமே ஆர்செனிக் சேர்மங்கள்தான். 1970-களில் சிங்கப்பூரில் ஆஸ்துமாவுக்கான சீன நாட்டு மருந்தால் ஆர்செனிக் நஞ்சேறிய 74 பேரை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். பிரிக்பீல்ட்ஸ் கடையில் லேகியம் வாங்குகிறவர் டப்பாவில் ‘MAL’ எனத் தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்கலாம். சொந்தக்காரர் பையில் கொண்டுவந்த பொட்டலத்தில் அது இருக்காது.

அடுத்தது சோறு. நெல் ஆர்செனிக்கை மண்ணிலிருந்து இழுக்கும் பயிர். தவிட்டில் அதிகம் தங்கும். ஒரு பங்கு அரிசிக்கு 6 முதல் 10 பங்கு நீர் வைத்து வடித்தால் தீங்கான வகையில் 40 முதல் 60 சதவீதம் குறையும் என்கிறது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம். கூடவே சில சத்துகளும் போகும். ரைஸ் குக்கர் வந்ததும் நம் வீடுகளில் வடிப்பது நின்றுபோனது. மீண்டும் வடிக்கத் தொடங்கினாலும் ஒரு சிக்கல் உண்டு: தெம்புக்கென்று பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆற்றிக் கொடுக்கும் வடிகஞ்சியில்தான் கழன்ற ஆர்செனிக் இருக்கும்.