தீவுச் செலவு

செலவு என்னுஞ் சொல்லுக்குத் தமிழிலே இரண்டு பொருள்கள் உள. ஓரிடத்தினின்றும் பிறிதோரிடத்திற்குச் செல்லுதல் ஒன்று. கையிலுள்ள பொருளை விடுத்தல் மற்றொன்று. பண்டை நூல்களிற் பெரிதும் பயின்றது முன்னையது. இக்காலத்தார் நன்கறிந்தது பின்னையது. செல்வார்க்குப் பொருளுஞ் செல்லும் என்னும் உலகியலை இச்சொல் தன்னுள் அடக்கி நிற்கின்றது. இவ்விரண்டு பொருளையும் ஒருங்கே கருத்திற்கொண்டு, சின்னாள் விடுமுறையிற் சிறு பொருள்கொண்டு ஒரு தீவுக்கூட்டத்தைக் கண்டு மீளுதல் எங்ஙனம் என்பதுபற்றி ஈண்டுச் சில கூறப் புகுந்தோம்.

வேலூர் தொடங்கி இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஈறாகக் கிடக்கும் இப்பகுதியிலே தோல் பதனிடுதலும் காலணி செய்தலும் பல்லாயிரங் குடும்பங்கட்குச் சோறளிக்கின்றன. இங்குத் தைக்கப்படுங் காலணிகள் ஐரோப்பாவின் தெருக்களிலும் அமெரிக்காவின் நகரங்களிலும் நடந்து திரிகின்றன. அவற்றைத் தைத்த கைகளுக்குரியாருட் பலரோ சென்னைக் கடற்கரைக்கு அப்பாற் சென்றறியார். அவர்தம் புதல்வரும் புதல்வியருமே நம் கலாசாலை வகுப்புக்களில் அமர்ந்திருப்பவர். கைப்பேசித் திரையில் நீலக்கடலையும் வெண்மணலையுங் கண்டு, 'நாமும் ஒருமுறை போய்வந்தால் என்ன?' என்று விடுதித் தாழ்வாரத்தில் உரையாடாத மாணாக்கர் அரியர். அவ்வுரையாடல் உரையாடலாகவே கழிந்துபோதற்குக் காரணம் பொருளின்மை மட்டுமன்று, முறையின்மையுமாம் என்பது எம் கருத்து.

ஆதலின் முதற்கண் ஒரு விதியை நாட்டுவாம். கூடிச் செல்வார் பதின்மராயின், அப்பதின்மருள் மிகக் குறைந்த பொருளுடையார் யாரோ அவர்தம் பையே திட்டத்திற்கு அளவுகோலாதல் வேண்டும். இப்போது நிகழ்வது யாது? பொருளுடைய இருவர் முன்னின்று விடுதியையும் ஊர்தியையும் தெரிவு செய்கின்றனர். ஏனையோர் நாணத்தால் தலையசைக்கின்றனர். பணங்கட்ட வேண்டிய நாள் நெருங்குங்கால், 'ஊரிலே அக்காளுக்கு நிச்சயதார்த்தம்' என்றோ, 'அம்மாவுக்கு உடல்நலமில்லை' என்றோ கூறி ஒருவர் மெல்ல விலகிக்கொள்கின்றார். அக்காரணம் மெய்யன்று என்பதை உடனிருப்பார் யாவரும் அறிவர். அறிந்தும் அறியார்போல் ஒன்பதின்மராய்ப் புறப்படுவர். மூன்றாண்டுகள் ஒரே பெஞ்சில் அமர்ந்து பயின்ற நட்பு இரயில் நிலையத்தில் இரண்டாகப் பிரியுமாயின், அப்பயணத்தின் பயன் யாது? பொருள் மிகுதியாக உடையார் அதனைப் பிறிதொருகாற் செலவிடலாம். தோழரை விட்டுச்சென்ற நாளை மீட்டல் அரிது.

இனி, 'கல்லூரிப் பிள்ளைகட்குத் தீவு எற்றுக்கு? அப்பொருளைப் புத்தகத்திற்கு ஆக்கலாகாதோ?' என்று வினவும் பெரியோரும் உளர். அவர்தம் கவலை நியாயமானதே. கைப்பேசி வழியே நொடியிற் கிடைக்குங் கடனை வாங்கிப் பயணஞ் செய்து, திரும்பியபின் வட்டிக்கு அஞ்சி வாழ்வதை யாமும் வன்மையாகக் கண்டிப்போம். விரலுக்குத் தக்க வீக்கம் என்பது நம்மவர் பழமொழி. ஆயினும் நாட்டு வரலாறும் நிலநூலும் உயிர்நூலும் புத்தகத்தாளில் மட்டும் உறைவன அல்ல. சேமித்த பொருளாற் செல்வார்க்குத் தீவு ஒரு வகுப்பறை. கடன்பட்டுச் செல்வார்க்கு அஃது ஒரு வலை. ஜூன் திங்களிற் கல்லூரி திறந்தது முதல் மாதந்தோறுஞ் சிறு தொகையை அஞ்சலகச் சேமிப்பிலிட்டு வருவார்க்கு, அடுத்த ஏப்பிரலுக்குள் அஃது ஒரு பயணமாக விளையும்.

எத்தீவுக்குச் செல்வது? நமக்கு எட்டும் தொலைவில் மூன்று தீவுக்கூட்டங்கள் உள. மிக அண்மையது மன்னார் வளைகுடாவினது. இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே கரையை ஒட்டி 21 தீவுகள் எண்ணப்பட்டன. அவற்றுள் இரண்டு கடலில் மூழ்கின. 1986இல் இப்பரப்புத் தேசியக் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆண்டு மக்கள் தங்குதற்கு இடமில்லை. பெரும்பாலானவற்றில் இறங்குதற்கும் இசைவில்லை. எனினும் இரண்டு நாளே உடையார் பாம்பனையும் தனுஷ்கோடியையும் கண்டு, 1964ஆம் ஆண்டுப் புயல் அழித்த ஊரின் எச்சங்களைக் கண்ணுற்று மீளலாம். அதுவும் சிறந்த பயணமே.

இரண்டாவது இலட்சத்தீவு. 36 தீவுகளுள் மக்கள் நிலையாக வாழ்வன 10. 1956 வரையிலும் சென்னை மாகாணத்து மலையாள மாவட்டத்தோடும் தென்கன்னட மாவட்டத்தோடும் இணைந்திருந்தமையின் அது நமக்குப் பழைய உறவே. காட்பாடியிலோ சோலையார்பேட்டையிலோ இரயிலேறி எர்ணாகுளஞ் சேர்ந்து, கொச்சியிற் கப்பலேறல் வேண்டும். ஆனால் அயலார் யாவரும் நுழைவு இசைவு பெற்ற பின்னரே செல்லலாகும். கப்பலில் இடமும் சிலவே. சிறு பொருளும் சின்னாளும் உடைய மாணாக்கர்க்கு அஃது எளிதன்று.

மூன்றாவது அந்தமான். இந்தியக் குடிகள் தலைநகர்க்கும் பயணிகள் வழக்கமாகச் செல்லுந் தீவுகட்கும் தனி இசைவின்றியே செல்லலாம். அந்தமான் நிக்கோபாரின் 836 தீவுகளும் திட்டுகளும் பாறைகளுமாகிய தொகுதியில் மக்கள் வாழ்வன 31 அளவே. தலைநகரின் கடைத்தெருவிலே தமிழ் தாராளமாக வழங்குகின்றது. இலங்கையினின்றும் தாயகந் திரும்பிய தமிழருட் சிலரும் அரசினராற் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்திற் குடியமர்த்தப்பட்டனர். வழி கேட்கவும் விலை பேசவும் நம் மொழி உதவும் இடம் ஏழைப் பயணிக்குப் பாதி செலவைக் குறைக்குமன்றோ? இக்காரணங்களால் அந்தமானையே யாம் முதன்மையாகக் கொள்கின்றோம்.

கட்டணங்கள் ஆண்டுதோறும் மாறுவன. மாறாதது கணக்கிடும் முறை. முதலிற் கணக்கிடற்பாலது நாள். சென்னைக்கும், 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயரிடப்பெற்ற போர்ட் பிளேயருக்கும் இடையே ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர் கடல் உளது. கப்பல் இதனைக் கடக்க ஏறக்குறைய மூன்று நாளாகும். விமானத்திற்கு இரண்டு மணிக்குச் சற்று மேல். கப்பல் நாடோறும் புறப்படுவதன்று. மாதத்தில் ஒருசில முறையே. புறப்படும் நாளும் மாறக்கூடும். ஏழு நாள் விடுமுறை உடையார் இருவழியுங் கப்பலேறின், ஆறு நாள் நீரிலும் ஒரு நாளே நிலத்திலுமாய்க் கழியும். ஆதலின் பன்னிரண்டு நாள் உடையார் போகும்போது கப்பலும் மீளும்போது விமானமுங் கொள்க. ஏழு நாளே உடையார் பல திங்கள் முன்னரே இருவழி விமானச்சீட்டும் பெறுக. தனியே ஒருவர் போவதாயினும் விமானச்சீட்டே செலவிற் பெரும்பகுதி. அதனைக் காலத்தே வாங்குதலே முதற் சிக்கனம்.

இரண்டாவது கணக்கிடற்பாலது பருவம். மே திங்களின் பிற்பகுதியில் தென்மேற்குப் பருவமழை அத்தீவுகளில் இறங்கும். ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை. கடல் கொந்தளிக்குங்கால் தீவிடைப் படகுகள் நின்றுவிடும். சனவரி முதல் ஏப்பிரல் வரையிலுமே தக்க காலம். தேர்வு முடிந்தவுடன் புறப்படுதல் நன்று; விடுமுறையின் கடைசி வாரத்திற்குத் தள்ளிவைத்தல் தவறு.

மூன்றாவது கணக்கிடற்பாலது பொழுது. நாடு முழுதும் ஒரே மணியாயினும் அந்தமான் கிழக்கே மிகத் தள்ளிக் கிடத்தலின், ஆண்டுக் கதிரவன் வேலூரினும் ஏறத்தாழ 55 நிமிடம் முந்தி உதித்து முந்தியே மறைவான். ஒன்பது மணிக்குக் கண்விழிப்பார்க்கு அங்கே அரை நாள் போயிற்று. ஐந்து மணிக்கு எழுவார் கூடுதற் காசின்றியே ஒரு நாளை ஒன்றரை நாளாக்கிக் கொள்வர்.

இவற்றின்படி ஐந்து இரவுக்கு ஒரு திட்டங் கூறுவோம். முதல் இரண்டு இரவு தலைநகரில். 1896இல் தொடங்கி 1906இல் முடிக்கப்பெற்ற சிற்றறைச் சிறையைக் காண்க. அதன் ஏழு கைகளுள் மூன்றே இன்று எஞ்சியுள்ளன. அச்சிறை முற்றத்தில் நின்று, விடுதலை வேட்கையன்றி வேறு குற்றமறியாதார் இக்கடலைத் தாண்டிக் கொணரப்பட்டதை எண்ணுவார்க்கு, தாம் வந்த வழியும் வேறாகத் தோன்றும். மானிடவியற் காட்சிசாலையையும் அரசுப் பேருந்திற் சென்று வண்டூர்க் கடற்கரையையுங் காண்க. அடுத்த இரண்டு இரவு, முன்னர் நீல் தீவு எனப்பட்ட ஷஹீத் தீவிலோ, ஹேவ்லாக் எனப்பட்ட ஸ்வராஜ் தீவிலோ, இரண்டிலுமன்று, ஒன்றில். தீவுதோறும் ஓடுவார் படகுத்துறைகளையே கண்டு மீள்வர். தனியார் விரைவுப் படகினும் அரசுப் படகு காலம் மிகக் கொள்ளும்; காசு மிகக் குறைவாகக் கொள்ளும். ஷஹீத் தீவு சிறியது. வாடகைச் சைக்கிளிலேயே சுற்றிவரலாம். ஐந்தாம் இரவு கட்டாயமாகத் தலைநகரிலேயே கழிக. படகு ஒருநாள் நின்றால் விமானந் தவறும். அன்று இழக்கும் பொருள் பத்து மாதச் சேமிப்பினும் பெரிதாகும்.

கொண்டுசெல்வன சிலவே போதும். ஆம்பூர்த் தோற்செருப்பு எத்துணைச் சிறந்ததாயினும் அதனை விடுதியிலேயே வைத்துச் செல்க. உப்புத் தோலினின்றும் நீரை வாங்கும் என்பதைப் பதனிடுவார் வீட்டுப் பிள்ளைகட்கு யாம் கற்பிக்க வேண்டுவதில்லை. கடற்கரைக்கு ரப்பர்ச் செருப்பே தக்கது. தண்ணீர்க் குப்பி ஆளுக்கொன்று வீட்டிலிருந்தே கொள்க.

தண்ணீர் என்றமையின் யாம் சிறப்பாக வற்புறுத்தக் கருதியதைக் கூறுவோம். மழை மிகுதியாகப் பெய்யினும் அத்தீவுகளில் நீரைத் தேக்கும் இடங்கள் சிலவே. தலைநகர் பெரும்பாலும் தனிக்காரி அணையையே நம்பியுளது. வறண்ட மாதங்களிற் குடிநீர் முறைவைத்து விடப்படுவதுண்டு. பயணிகள் பெருகி வருவதும் அம்மாதங்களிலேயே. விடுதியில் மும்முறை குளிக்கும் விருந்தினன் யாருடைய குடத்தினின்றும் மொண்டு குளிக்கின்றான் என்று எண்ணுதல் வேண்டும். இதனைப் பிறர் உணராவிடினும் பாலாற்றங்கரையார் உணர்தல் எளிது. தொலைநாட்டார் காலுக்கு அழகு செய்யப்போய் நம் கிணறுகள் கெட்டன. 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வேலூர் மக்கள் நல மன்றத்தின் வழக்கிலே, மாசு செய்தவரே அதற்கு ஈடு செலுத்துதல் வேண்டும் என்னும் நெறியை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியென உரைத்தது. அந்நெறிக்குத் தன் ஊர்ப்பெயரைத் தந்த மண்ணிற் பிறந்தார், பிறர் ஊர் நீரை வீணாக்குதலும் பிறர் கரையிற் குப்பையிடுதலும் பொருந்துமோ?

இன்னும் இரண்டு. பவளத்துண்டையும் கிளிஞ்சலையும் நினைவுக்கென்று பையிலிடாதீர்கள். பவளம் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தாற் காக்கப்படுவது. தொல்குடியினர் வாழும் ஒதுக்கிடங்களை அணுகுதலை 1956ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விலக்குகின்றது. சட்டம் விலக்காவிடினும், மனிதரைக் காட்சிப்பொருளாக்கிப் படமெடுத்தல் கற்றார்க்கு அழகன்று.

மேற்கூறிய இரண்டும் ஒரே நெறியின்பாற் படுவன. உடன்வருவாருள் எளியவர் பையை அளவாகக்கொள்வதும், வரவேற்பாருள் எளியவர் குடத்தை அளவாகக்கொள்வதும் வேறல்ல. இவ்விரண்டையுங் காப்பாற்றிய பயணம் சிறு பொருளில் முடியும். சிறு பொருளில் முடிந்ததற்காக அதற்கு யாதொரு குறையும் வாராது.

கலாசாலைக்கும் ஒரு விண்ணப்பஞ் செய்வோம். ஆண்டுதோறும் மாணாக்கரே நடத்தும் ஒரு பயணச் சேமிப்புக் கழகத்தை ஆசிரியர் ஒருவர் மேற்பார்வையில் நிறுவலாகாதோ? பழைய மாணவர்களுள் வசதியுடையார் அதற்குத் துணைசெய்யலாம். ஆனால் அவ்வுதவி, 'இன்னார்க்கு இலவசம்' என்று பெயர்சொல்லிக் கொடுப்பதாக இராது, யாவர்க்குங் கப்பற்கட்டணத்தைக் குறைப்பதாக இருத்தல் வேண்டும். பெறுவார் தலைகுனியாத உதவியே உதவியாம்.

அங்ஙனஞ் சென்று மீளும் மாணாக்கர் தாங் கண்டவற்றோடு, படகுக்கு இவ்வளவு, சோற்றுக்கு இவ்வளவு என்னும் வரவுசெலவுக் கணக்கையும் அடுத்த ஆண்டு மலரிலே வெளியிடுவாராக. அக்கணக்கு, பின்வரும் வகுப்பிலே 'அக்காளுக்கு நிச்சயதார்த்தம்' என்று கூற வாயெடுக்கும் ஒருவரைத் தடுத்து நிறுத்துமாயின், அதுவே யாம் வேண்டும் பயன்.