தலைக்கு மேலே உறையும் குளிர்

கொழும்பிலே உச்சிவெயிலில் நின்று வியர்வையைத் துடைத்துக்கொள்ளும் ஒருவர், தமது தலைக்கு நேர் மேலே ஏறத்தாழ 16,000 அடி உயரத்தில் தண்ணீர் உறைந்துபோகும் குளிர் நிலவுகின்றது என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை. மேலே போகப் போக, ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஏறக்குறைய இரண்டு சதம பாகை வீதம் வெப்பநிலை குறைந்துகொண்டே செல்லும். பூமத்திய ரேகைக்கு அண்மையிலுள்ள நமது வானமே இப்படியென்றால், ஐரோப்பாவின் மாரிகால வானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே 20,000 அடி உயரத்தில் பூச்சியத்துக்குக் கீழே 25 பாகைக் குளிர் சர்வசாதாரணம். இக்காலத்து விமானப் பிரயாணி அதனை அறியார். மூடிய அறையினுள்ளே இதமான வெப்பத்தில் தேநீர் அருந்தியபடி போய்விடுகிறார். ஆனால் 1930களில் பறந்தவர்களும், இரண்டாவது உலக மகாயுத்தத்தில் பறந்தவர்களும் அக்குளிரைத் தம் உடம்பினாலேயே தாங்கினார்கள். அவர்களுக்குக் கவசமாக இருந்தது செம்மறியாட்டுத் தோலாலான ஒரு மேலங்கி. அந்த அங்கியைப் பழைய முறை பிசகாமல் இன்றும் செய்துவருகின்ற கைவினைஞர் சிலர் உளர். இவ்வாரம் அவர்களது தொழிலைப் பற்றிச் சிறிது பேசுவோம்.

இங்கிலாந்தில் இவ்வங்கியை ஆக்கியவர் லெஸ்லி இர்வின் என்ற அமெரிக்கர். சினிமாப் படங்களுக்காக அபாயகரமான சாகசங்கள் செய்துவந்தவர் அவர். 1919ஆம் ஆண்டு ஏப்ரில் 28ஆந் திகதி, அமெரிக்காவின் டேற்றன் நகருக்கு அருகே, விமானத்திலிருந்து குதித்து, கீழே விழுந்துகொண்டிருக்கும்போதே தம் கையினால் பரசூட்டை விரித்துக்காட்டினார். விழும் வேகத்தில் மனிதன் மூச்சடைத்து நினைவிழந்துவிடுவான் என்று அந்நாளில் அநேகர் நம்பியிருந்தனர். இர்வின் நினைவிழக்கவில்லை. ஆயினும், தரையில் இறங்கியபோது கணுக்கால் முறிந்துவிட்டது! 1926இல் இங்கிலாந்தின் லெச்வேர்த் என்னும் ஊரில் பரசூட் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார். வானத்துக் குளிரை நேரில் அனுபவித்தவராதலின், 1930களின் தொடக்கத்தில் இத்தோல் அங்கியையும் உருவாக்கினார். றோயல் விமானப்படை அதனை ஏற்றுக்கொண்டது. அமெரிக்க இராணுவமும் 1934இல் ‘பீ-3’ என்ற பெயரில் இவ்வகை அங்கியொன்றைத் தன் விமானிகளுக்கு வழங்கியது.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இவ்வங்கியில் உண்டு. ஆட்டின் உடம்பில் கம்பளி மயிர் வெளியேயும் சதை உள்ளேயும் இருக்கும். அங்கியிலோ இது தலைகீழ். மயிர் மனிதனின் உடம்போடு ஒட்டியிருக்க, சதையோடு ஒட்டியிருந்த பக்கம் உலகத்தைப் பார்க்கிறது. கம்பளி மயிர் நெளிந்தும் சுருண்டும் இருப்பதனால், இழைகளுக்கிடையே காற்றைச் சிறைப்படுத்திவைக்கிறது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே உடம்பின் சூடு உடம்போடேயே நின்றுவிடுகிறது. வெளியே வந்துவிட்ட சதைப்பக்கமோ மென்மையானது, நீரை உறிஞ்சுவது. அதனாலேயே அதன்மேல் கபில நிறப் பூச்சு ஒன்றை ஏற்றி மினுக்குவார்கள். பழைய அங்கிகளில் மரப்பட்டைபோல் வெடித்துக் காணப்படுவது தோலன்று, இப்பூச்சே.

இந்த அங்கி அழகுக்காகச் செய்யப்பட்டதென்று எவரும் எண்ணிவிடலாகாது. இங்கிலாந்தின் குண்டுவீச்சு விமானங்களில், வாற்புறத்துக் கூண்டிலே துப்பாக்கியுடன் ஒருவர் தனியே அமர்ந்திருப்பார். கூண்டைச் சுற்றியுள்ள கண்ணாடிபோன்ற மறைப்பில் ஒரு சிறு கீறல் இருந்தாலும், இரவில் அது எதிரி விமானம்போலத் தோன்றி ஏமாற்றும். ஆதலால் பலர் முன்னாலிருந்த மறைப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காற்றையே எதிர்நோக்கி மணிக்கணக்காக அமர்ந்திருந்தனர். மின்சாரத்தால் சூடேறும் உடைகளும் இருந்தன. கம்பி அறுந்தால் அவை பயன்படா. ஆட்டுத்தோலுக்குக் கம்பி வேண்டியதில்லை. அந்த யுத்தத்தில் இங்கிலாந்தின் குண்டுவீச்சுப் படைப்பிரிவில் பறந்தோருள் 55,573 பேர் உயிரிழந்தனர். மிகப் பலர் இருபது வயதை ஒட்டிய இளைஞர்கள்.

நிற்க, யுத்தம் முடிந்தபின் எஞ்சிய அங்கிகள் மலிவு விலைக்கு விற்கப்பட்டன. மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் அவற்றை வாங்கி மழையிலும் பனியிலும் அணிந்து கிழித்தார்கள். மிஞ்சியவை இப்போது எண்பது வயதைக் கடந்துவிட்டன. உலர்ந்து நொய்ந்துபோன தோலைச் சற்று இழுத்தாலும் கடுதாசிபோல் கிழிகிறது. அணிய விரும்புவோருக்கு அவை உதவா. ஸ்கொட்லாந்திலும், இங்கிலாந்தின் டெவன் பகுதியிலும், யப்பானிலும் இக்கைத்தொழில் புத்துயிர் பெற்றதற்கு இதுவே காரணம்.

முதல் வேலை ஒரு பழைய அங்கியைப் பலியிடுவது. தையலை ஒவ்வொன்றாகப் பிரித்து, துண்டுகளைப் பரப்பி, அவற்றின் வடிவைத் தடித்த கடுதாசியில் வரைந்துகொள்வர். பிரித்தது மீண்டும் அங்கியாகாமலே போய்விடலாம். எனினும் ஒன்றை இழந்துதான் அதன் அளவையும் அமைப்பையும் சரிவர அறிய முடிகிறது. அடுத்து வருவது தோல் தெரிவு. சாதாரணத் தோல்வேலையில் ஒரு பக்கம் நன்றாயிருந்தாற் போதும். இங்கே மயிரும் நன்றாயிருக்க வேண்டும், மறுபக்கமும் வடுவின்றி இருக்க வேண்டும். இடக்கைக்கு அடர்ந்த மயிரும் வலக்கைக்கு ஐதான மயிரும் வந்துவிட்டால், அங்கி ஒருபக்கம் சாய்ந்தாற்போலத் தோன்றும்.

வெட்டும்போது கத்தரிக்கோல் எடுப்பதில்லை. மயிரைக் கீழ்ப்புறமாக வைத்து, கூரிய சிறு கத்தியின் நுனியால் தோலை மாத்திரம் கீறுவர். மயிர் அறுபடாது, தானே பிரிந்துகொடுக்கும். கத்தரித்தாலோ, பொருத்தும் இடத்தில் உட்புறத்தே ஒரு வழுக்கைக் கோடு விழுந்துவிடும். குளிர் புகுவதற்கு அந்தக் கோடு போதும். கையால் செய்வது என்றவுடன், தையலும் கையூசியால் என்று நினைக்க வேண்டாம். அன்றும் யந்திரந்தான், இன்றும் யந்திரந்தான். ஆனால் கனத்த தோலையும் மயிரையும் ஊசிக்குக் கீழே சீராக நகர்த்துவது தையற்காரரின் இரு கைகள். துணியில் தவறாகத் தைத்துவிட்டால் பிரித்துத் திரும்பத் தைக்கலாம். தோலில் ஊசி துளைத்த துவாரம் மூடுவதில்லை. ஆகையால் குண்டூசியைக்கூடக் குத்தாமல், கவ்விகளால் பிடித்துவைத்தே தைக்கிறார்கள். பொருத்துகளின்மேல் ஒடுங்கிய தோற்பட்டி ஒன்றை வைத்து மீண்டும் தைப்பர்.

இனி நம்மைச் சற்றுச் சிரிக்கவும் பின்பு சிந்திக்கவும் வைத்த விஷயத்துக்கு வருவோம். யுத்தத்துக்கு முற்பட்ட இர்வின் அங்கிகளில் பெரிய துண்டுகளும் குறைந்த பொருத்துகளுமே காணப்படும். யுத்தம் நீண்டபோது நல்ல பெரிய தோல்கள் அருகிப்போயின. கிடைத்த சிறு துண்டுகளையெல்லாம் இணைத்துத் தைத்தார்கள். பொருத்துகள் பெருகின. இன்றைய கைவினைஞருக்குப் பெரிய தோலுக்குக் குறைவில்லை. இருந்தும், யுத்தகால அங்கி வேண்டுமென்று கேட்பவருக்காக முழுத்தோலைத் துண்டாடி, மறுபடி ஒட்டுப்போட்டுத் தைக்கிறார்கள்! இது வீண்வேலை என்றே முதலில் நமக்குத் தோன்றியது. யோசித்துப் பார்த்தால், அந்தப் பொருத்துகளை நீக்கிவிட்டு அவ்வங்கியை யுத்தகால அங்கி என்று எப்படிச் சொல்வது? அக்காலத்துப் பஞ்சமும் அவசரமும் எழுதப்பட்டிருப்பது அவற்றிலேதான்.

ஆனால் வேறொரு வழக்கத்தை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. புதிய அங்கியைத் தேய்த்து, உரசி, பூச்சை வெடிக்கச் செய்து, பழையதுபோல் ஆக்கித் தருவோர் இருக்கிறார்கள். வாங்குபவர் அறிந்தே கேட்டால் அது அவரவர் விருப்பம் என்று விட்டுவிடலாம். ஆயினும் அவ்வங்கி ஒருநாள் கைமாறும். விஷயம் அறியாத ஒருவரிடம் உண்மையான யுத்தகாலப் பொருள் என்று விலைபோகும். முழங்கையில் தேய்வு ஏற்படுவது கூண்டினுள் மடங்கியிருந்தவருடைய கையினால். பட்டறைக் கல்லினால் அன்று. ஆகையால், தைத்த தமது பெயரையும் ஆண்டையும் உட்புறத்தில் அழியாமற் பதித்துவிடும் கைவினைஞரையே நாம் மெச்சுவோம்.

பழைய அங்கிகள் சிலவற்றின் உட்புறத்தில், அணிந்தவர் தம் கையால் மையில் எழுதிய பெயர் மங்கலாகத் தெரியும். சிலவற்றில் அதை அடித்துவிட்டு, அருகிலே வேறொரு பெயர் எழுதப்பட்டிருக்கும். அவ்வங்கிகளைப் பிரதிசெய்பவர்கள் வடிவையும் பொருத்தையும் பட்டியையும் சிப்பையும் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். அந்த இடத்தை மாத்திரம் வெறுமையாக விட்டுவிடுகிறார்கள்.