பழைய பஸ்ஸும் லாண்ட்மாஸ்டரும்

1990இலும் 2007, 2008ஆம் ஆண்டுகளிலும் மன்னார்க் கரையைவிட்டுப் போன குடும்பங்களில் சில இன்னும் வேறிடத்தில் தங்கி, காலபோகத்துக்கு மட்டுமே வயலுக்கு வருகின்றன. லாண்ட்மாஸ்டரை ஓட்டியே வந்தால் பொழுது சாய்ந்துவிடும். லொறி பிடித்தால் விதைநெல் காசு வாடகைக்குப் போய்விடும்.

கழித்த பாடசாலை பஸ் ஒன்றைச் சங்கமாக வாங்கி, ஆசனங்களைக் கழற்றி, பின்னால் வாசல் வெட்டி இயந்திரங்களை ஏற்றலாம் என்கிறார்கள் எம் இளைஞர்கள். நல்ல யோசனை. புதிதுமல்ல, யாழ்ப்பாணத்துத் தட்டிவான் ஆட்களோடு மரக்கறி மூடைகளையும் சுமந்த வண்டிதானே.

ஆனால் பஸ்ஸில் ஆட்களின் பாரம் தளமெங்கும் பரவும்; சில நூறு கிலோ இயந்திரமோ ஓரிடத்தில் அழுத்தும். தளத்தின் கீழ் இரும்புச் சட்டம் வேண்டும். பஸ்ஸின் உடல் பின்சில்லைத் தாண்டி நீண்டிருப்பதால், பாரத்தைக் கடைசியில் நிறுத்தினால் முன்சில்லின் பிடி குறைந்து ஸ்டியரிங் கேட்காது. இரண்டு அச்சுகளுக்கும் நடுவே நிறுத்திச் சங்கிலியால் கட்டவேண்டும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றத்தைப் பதியவும் வேண்டும்.

என் பயம் வேறு. இடமிருக்கிறதே என்று பெண்களையும் பிள்ளைகளையும் இயந்திரத்தோடு ஏற்றிவிடுவோம். (இடம்பெயர்ந்தபோது அப்படித்தான் ஏறினோம், அன்று வேறு வழியில்லை.) திடீர்ப் பிரேக்கில் கட்டவிழ்ந்து வரும் லாண்ட்மாஸ்டரை யார் தடுப்பது? சாரதிக்குப் பின்னால் இரும்புத் தடுப்பு போட்டு, சாரதியும் உதவியாளரும் மட்டுமே போகலாம் எனச் சங்கம் தீர்மானம் எழுதட்டும். எழுதாத சங்கத்துக்கு நான் சிபாரிசுக் கடிதம் தரமாட்டேன்.