நச்சுப்பயிர்த் தடையும் உழவர் வயிறும்

நச்சுப்பயிரை ஒழித்தல் நல்லறமே, மறுப்பார் யாருமிலர். ஆயின், பயிரை அழித்தோர் உழவர்தம் வயிற்றை எண்ணினரோ?

ஆப்கானித்தானத்தில் தாலிபான் ஆட்சி 2022 ஏப்பிரலில் கசகசாப் பயிரிடலைத் தடுத்தது. மறு ஆண்டே அபினி விளைநிலம் 2,33,000 எக்டேரினின்று 10,800 ஆகச் சுருங்கிற்று. உழவர் வருவாயோ 136 கோடி தாலரினின்று 11 கோடியாய் வீழ்ந்தது. மாற்றாக விதைத்த கோதுமை அவ்வருவாயில் சிறு பங்கையே ஈந்தது. விலையேற, இருப்பு வைத்திருந்த பெருவணிகரே கொழுத்தனர். 2024 மே திங்களில் படக்குசானத்து உழவர் பயிரழிப்பை எதிர்த்தெழுந்தனர், உயிர்களும் மாய்ந்தன.

அபினியேனும் உலகை விட்டகன்றதா? இல்லை. 2023-இல் மியன்மார் விளைச்சலில் முதலிடம் எய்திற்று.

மாற்றுப்பயிரும் நீரும் சந்தையும் நல்காது விதிக்கும் தடை, நோயை விடுத்து நோயாளியை அடித்தலேயாம். ஆள்வோரே, முதற்கண் உழவன் உலையில் அரிசி விழட்டும். பின்னர் ஆணை எழுதுக!