குழாய் சொருகாம கொடுக்கிற புகை சர்டிபிகேட்

நவரைக்கு நாத்து விட்டாச்சு, ஏரியிலயும் தண்ணி நிக்குது. அதனால இந்த வாரம் வயலை விட்டுட்டு வண்டியைப் பத்தி எழுதறேன். மனசுல ஒரு கோபம் இருக்கு. அதுல பாதி என் மேலேயேதான்.

என்கிட்ட இருக்கிறது 2007 மாடல் சான்ட்ரோ, பெட்ரோல் வண்டி. ரெண்டாவது கையா வாங்கினது. நம்ம இருங்காட்டுக்கோட்டையில செஞ்ச வண்டிதான். கீரைக்கட்டும் கத்திரிக்கா மூட்டையும் ஏத்திக்கிட்டுப் போவேன், கல்யாணம் காட்சிக்கும் அதுதான், ராத்திரியில யாருக்காவது நெஞ்சு வலின்னா எங்க தெருவுக்கே அதுதான். வண்டி மேல நான் குத்தம் சொல்ல மாட்டேன். இத்தனை வருஷம் உழைச்ச வண்டி.

ஆறேழு மாசமா ஒரு தொல்லை. ரோட்டுல ஓடுறப்போ நல்லாத்தான் ஓடும். ஒரகடம் சிக்னல்ல நின்னா உதற ஆரம்பிக்கும். ஸ்டியரிங் நடுங்கும், டேஷ்போர்டு கடகடன்னு அடிக்கும். ஏ.சி. போட்டா சில நேரம் அப்படியே நின்னுடும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தது 11-க்கு வந்துடுச்சு. பழைய வண்டி அப்படித்தான்னு விட்டுட்டேன். ஒருநாள் ராத்திரி என் வீட்டுக்காரம்மாவைக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்கு அழைச்சுக்கிட்டுப் போறப்போ வாலாஜாபாத் கூட்ரோட்டுல வண்டி நின்னு போச்சு. மூணு தடவை சாவி போட்டும் எடுக்கல. பின்னாடி கன்டெய்னர் லாரிக்காரன் ஆரன் அடிக்கிறான். நாலாவது தடவை எடுத்தது. அன்னைக்குத்தான் எனக்கு பயமே வந்தது.

அந்த வாரமே புகை சர்டிபிகேட்டும் முடியுது. டெஸ்ட் பண்ற இடத்துல சைலன்சர்ல குழாயைச் சொருகி அளந்தாங்க. சி.ஓ. 0.18 சதவீதம், ஹெச்.சி. 1,060. என் வண்டி மாதிரி பி.எஸ்.-2, பி.எஸ்.-3 காலத்து பெட்ரோல் காருக்குச் சட்டம் வெச்சிருக்கிற அளவு சி.ஓ. 0.5, ஹெச்.சி. 750. முதல்ல பாஸ், ரெண்டாவதுல ஃபெயில். உடனே அங்க இருந்த பையன், "சார், கொஞ்சம் சேர்த்துக் கொடுங்க, நம்பர் பிளேட் போட்டோ மட்டும் எடுத்து ஏத்திடறேன்"னான்.

இப்போ உண்மையைச் சொல்லணும். இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை, வேற ஒரு இடத்துல, நான் அப்படித்தான் வாங்கியிருக்கேன். வரிசையில நிக்க நேரமில்ல, வயல்ல ஆள் காத்திருக்காங்கன்னு போட்டோவுக்கு மட்டும் வண்டியை நிறுத்திட்டு பேப்பரை வாங்கிக்கிட்டு வந்தேன். இந்த தடவை வாலாஜாபாத் ஞாபகம் வந்தது. "வேணாம் தம்பி, ஃபெயிலுன்னே பேப்பர் கொடு"ன்னு வாங்கிக்கிட்டேன். அவன் என்னை ஒரு மாதிரியாப் பார்த்தான்.

அந்தப் பேப்பரைப் பார்த்து ஆளாளுக்கு வைத்தியம் சொன்னாங்க. ஒரு ஒர்க்‌ஷாப்புல பிளக்கையும் பிளக் வயரையும் மாத்தினாங்க. ரெண்டு நாள் தேவலாம் போல இருந்தது, மறுபடி உதறல். இன்னொரு இடத்துல கேட்டலிடிக் கன்வெர்ட்டர் போயிடுச்சு, புதுசு மாத்தணும்னு சொன்ன விலைக்கு ஒரு கறவை மாடு வாங்கலாம். மூணாவது ஆள், "இதுக்குச் செலவு பண்ணாதீங்க, காயலான் கடைக்குப் போட்டுடுங்க"ன்னாரு.

கடைசியா வல்லக்கோட்டை பக்கம் மரத்தடியில கடை வெச்சிருக்கிற ஒரு பழைய மெக்கானிக்கிட்ட போனேன். என்னைவிட பத்து வயசு மூத்தவரு. வண்டியைத் தொடவே இல்ல, முதல்ல அந்த ஃபெயில் பேப்பரைக் கேட்டாரு. கண்ணாடி போட்டுப் படிச்சுட்டு சொன்னாரு: "சி.ஓ. ஏறியிருந்தா பெட்ரோல் அதிகமாப் போகுதுன்னு அர்த்தம். உனக்கு சி.ஓ. கம்மி, ஹெச்.சி. மட்டும் ஏறியிருக்கு. பெட்ரோல் எரியாமலே வெளிய வருது. பிளக்கும் வயரும் மாத்தியும் சரியாகலைன்னா எங்கேயோ காத்து இழுக்குது. போர் மோட்டார் வெச்சிருக்கியே, உனக்குத் தெரியாதா?"

அந்த ஒரு வார்த்தையில எனக்கு எல்லாம் புரிஞ்சுது. மோட்டார் சக்‌ஷன் பைப்புல ஜாயின்ட் விட்டுப்போனா என்ன ஆகும்? தண்ணியோட காத்தையும் சேர்த்து இழுக்கும், தண்ணி விட்டு விட்டு ஊத்தும், மோட்டார் உதறும். காரும் அதே கதைதான். இன்ஜின் மூச்சு இழுக்கிற வழியில ஓட்டை இருந்தா கணக்குல வராத காத்து உள்ள போகுது. அந்த சிலிண்டருக்குக் காத்து அதிகம், பெட்ரோல் கம்மி. பொறி விழுந்தாலும் ஒழுங்காப் பத்தாது. பத்தாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் வழியா வெளிய வந்து ஹெச்.சி.-ன்னு மிஷின்ல தெரியுது. ஓடுறப்போ ஏன் தெரியலைன்னு கேட்டேன். ஆக்சிலேட்டர் மிதிச்சா இன்ஜினுக்கு நிறைய காத்து போகும், ஓட்டையில வர்றது அதுல கால்வாசி கூட இருக்காது. சும்மா நிக்கிறப்போ மூடி சாத்தியிருக்கும், உறிஞ்சல் பலமா இருக்கும், அப்போ அந்தச் சின்ன ஓட்டையே பெருசு.

பிளக்கைக் கழட்டினாரு. மூணு பிளக் செங்கல் நிறத்துல, ஒண்ணு மட்டும் வெளுத்துக் கிடந்தது. அந்த சிலிண்டர் பக்கத்துல வந்து சேர்ற ரப்பர் ஹோஸை ஒவ்வொண்ணா குறடால நசுக்கிப் பார்த்தாரு. ஒண்ணை நசுக்கினதும் இன்ஜின் சட்டுனு அடங்கிச்சு. எது தெரியுமா? பிரேக் பூஸ்டருக்குப் போற ஹோஸ். கிளிப்புக்கு அடியில சுத்தி வெடிப்பு. சூட்டுல காஞ்சு பழைய வடக்கயிறு மாதிரி இருந்தது. கொஞ்ச நாளா பிரேக் கெட்டியா இருக்கேன்னு நினைச்சேன். முழங்கால் வலியாலதான் அப்படித் தெரியுதுன்னு விட்டுட்டேன். அந்த ஹோஸ் முழுசா விட்டிருந்தா பூஸ்டர் இல்லாம முழு பலத்தோட மிதிச்சாத்தான் பிரேக்கே பிடிக்கும். ஒரகடம் ரோட்டுல, முன்னாடி ஒரு டிரெய்லர், பின்னாடி ஒரு டிரெய்லர்.

புது ஹோஸ் சில நூறு ரூபாய். திராட்டில் பாடியில அடைச்சிருந்த கரியைக் கழுவினாரு. அதோட சரி, கன்வெர்ட்டரைத் தொடவே இல்ல. "எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள்ள போய் எரியும், உள்ளே இருக்கிற தேன்கூடு உருகிடும். மிஸ்ஸிங்கை சரி பண்ணாம புதுசு போட்டிருந்தா அதையும் சேர்த்துக் கெடுத்திருப்பே"ன்னாரு. வேற ஒரு விஷயமும் சொன்னாரு. கன்வெர்ட்டர் சூடான பிறகுதான் வேலை செய்யும், அதனால வீட்டுலேர்ந்து எடுத்தவுடனே டெஸ்டுக்குப் போகக் கூடாது. நான் ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் ஒரு சுத்து போயிட்டு வந்து டெஸ்ட் எடுத்தேன். சி.ஓ. 0.11, ஹெச்.சி. 170. அதே பையன்தான், இந்த தடவை சிரிச்சான்.

ரெண்டு வருஷம் முன்னாடி நான் குழாயைச் சொருகச் சொல்லியிருந்தா வெடிப்பு சின்னதா இருக்கிறப்பவே ஹெச்.சி. ஏறுறது தெரிஞ்சிருக்கும். காசு கொடுத்து என் கண்ணை நானே கட்டிக்கிட்டேன்.

நாம இருக்கிற இடத்தை நினைச்சாத்தான் இன்னும் வேடிக்கை. ஒரகடத்துல மத்திய அரசு நாட்ரிப் திட்டத்துல கட்டின ஆராய்ச்சி நிலையம் இருக்கு. புது மாடல் வண்டிகளோட புகையை உருளை மேல ஓட்டி அளக்குற ஆய்வுக்கூடம் அங்க இருக்கு. சுத்தி எத்தனை கார் ஃபேக்டரி, எத்தனை உதிரிபாக கம்பெனி. நம்ம நிலத்துல எழும்பினதுங்க. என் அக்கா பையன் ஒரு பிளான்ட்டுல கான்ட்ராக்ட்ல இருக்கான், ஒரு ஷிஃப்டுல நூத்துக்கணக்கான வண்டிக்கு ஒரே இடத்துல ஒரே போல்ட்டை முடுக்குறான். அவன்கிட்ட உதறலைப் பத்திக் கேட்டேன், "மாமா, நான் டோர் லைன்"னான். அவன் மேல தப்பில்ல. ஆனா அந்தக் கேட்டுக்கு வெளிய ரோட்டோரத்துல, வண்டியையே தொடாம சர்டிபிகேட் விக்கிறாங்க.

"கன்டெய்னர் லாரி கரும்புகையா விட்டுக்கிட்டுப் போகுது, உன் சின்ன காரையா பிடிக்கணும்?"னு டீக்கடையில கேட்கிறாங்க. நியாயமான கேள்விதான். ரோட்டோர நெல் கதிர் மேல கரி படிஞ்சிருக்கிறதைப் பார்க்கிறவன் நான். ஆனா அந்த லாரியும் ஒரு சர்டிபிகேட் வெச்சிருக்கும். அது எப்படி வாங்கினதுன்னு கேட்க, நான் வாங்கினது ஒழுங்கா இருக்கணும் இல்லையா?

எனக்கு இன்னொரு கவலை இருக்கு. டெல்லியில 15 வருஷம் தாண்டின பெட்ரோல் வண்டி ரோட்டுக்கே வரக் கூடாதுன்னு 2018-ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் சொல்லிடுச்சு. நம்மூர்ல இன்னும் அப்படி இல்ல, எஃப்.சி. காட்டி ஆர்.சி.-யைப் புதுப்பிக்கலாம். ஆனா 15 வருஷக் காருக்கு 600 ரூபாயா இருந்த கட்டணம் 2022 ஏப்ரல்லேர்ந்து 5,000. 20 வருஷம் தாண்டினதுக்கு 2025 ஆகஸ்ட்லேர்ந்து 10,000. புகை சர்டிபிகேட் இல்லாம மாட்டினா 2019 திருத்தப்படி 10,000 வரைக்கும் அபராதம். வழி எந்தப் பக்கம் போகுதுன்னு தெரியுது. சர்டிபிகேட்டை யாரும் நம்ப முடியலைன்னா அரசாங்கம் என்ன பண்ணும்? புகையை விட்டுட்டு வயசை எண்ணும். அப்போ ஒழுங்கா வெச்சிருக்கிற என் சான்ட்ரோவும் ஒண்ணுதான், நாறிப்போன வண்டியும் ஒண்ணுதான். புது கார் வாங்க முடியாத நம்ம மாதிரி ஆளுங்களுக்கு, ஒழுங்கா அளந்த அந்த ரெண்டு நம்பர்தான் பேச்சுக்கு ஆதாரம். அதையும் நாமே கொஞ்சம் காசுக்குக் கெடுத்துக்கிறோம்.

எனக்கு அடுத்த ஆர்.சி. புதுப்பிப்பு 2027-ல வருது. வெடிச்ச ஹோஸை மெக்கானிக் என்கிட்டயே கொடுத்துட்டாரு, மோட்டார் ரூம் ஆணியில மாட்டி வெச்சிருக்கேன். ஃபெயில் பேப்பரும் பாஸ் பேப்பரும் அதுக்குப் பக்கத்துலேயே ஒட்டியிருக்கு. அக்கா பையன் போன ஞாயித்துக்கிழமை வந்து ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கிட்டு இருந்துட்டு, அந்த மெக்கானிக் கடை எங்க இருக்குன்னு கேட்டான்.