முதற் கூடாரம்

நம் சங்கத்துக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு உல்லாசப் பிரயாணம் என்பது ஒன்றே ஒன்றுதான்; அது ஊருக்குப் போய் வருவது. நாகபுரியில் ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஏறினால் மறுநாள் சென்னை. அங்கிருந்து அவரவர் சொந்த ஊர். கல்யாணம், காதுகுத்து, திவசம், பாகப்பிரிவினை என்று நமக்குக் கிடைக்கும் விடுப்பும் பாஸும் அதிலேயே தீர்ந்துவிடுகின்றன. ஊரிலும் ஆண்கள் திண்ணையில், பெண்கள் அடுக்களையில், குழந்தைகள் யார் வீட்டிலோ. கல்யாணமான இந்தப் பதினொரு ஆண்டுகளில் நம் வீட்டு ஐந்து பேரும் வேறு அலுவல் ஏதுமின்றி வெளியூரில் சேர்ந்து கழித்த இரவு ஒன்றுகூட இல்லை என்று சென்ற தீபாவளியன்று நம் மனைவியார் கணக்குச் சொன்னார். பகல் முழுவதும் கணக்குப் பார்த்தே பிழைக்கும் குமாஸ்தாவுக்கு வீட்டில் ஒருவர் கணக்குக் காட்டி, அது சரியாகவும் இருந்துவிட்டால் என்ன பதில் சொல்வது?

அந்தச் சமயத்தில்தான் அமெரிக்காவிலிருக்கும் நம் சிற்றப்பா மகன் தான் புதிதாக வாங்கியிருந்த வண்டியின் படங்களை அனுப்பினான். காரின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் தாழ்ந்த பெட்டி அது. போய்ச் சேர்ந்ததும் ஒரு கைப்பிடியைச் சுழற்றினால் மேற்கூரை எழும்புகிறது. இருபுறமும் கட்டில்கள் இழுப்பறை போல் வெளியே நீள்கின்றன. கூரைக்கும் கட்டிலுக்கும் இடையே கித்தான் துணியே சுவர். அங்கே சிறு குழந்தைகள் உள்ள குடும்பங்கள் பல, முதன்முதலில் இம்மாதிரி மடிப்பு வண்டியைத்தான் வாங்குகின்றனவாம். உல்லாசத்துக்கென்றே கட்டப்பட்ட முதல் வண்டி வீடு என்று சொல்லப்படுவது, இங்கிலாந்தில் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் ஓய்வு பெற்ற கடற்படை மருத்துவர் 1885-இல் செய்வித்த ‘வாண்டரர்’ என்பது. குதிரை பூட்டிய அவ்வண்டியைக் கட்டிக் கொடுத்தது பிரிஸ்டல் நகரில் ரயில் பெட்டிகள் செய்துவந்த தொழிற்சாலை. ரயில்வேக்காரர் என்ற முறையில் இதைச் சொல்லிக்கொள்வதில் நமக்குச் சிறிது பெருமை உண்டு.

காருமில்லாத நாம் மடிப்பு வண்டிக்கு எங்கே போவது? கூடாரத்தோடு நின்றோம். விலை நாலாயிரத்துச் சொச்சம். வாங்கும் முன் ஒரு செய்தி தெரிந்திருப்பது நலம். ‘நான்கு பேருக்கு’ என்று அட்டையில் போட்டிருந்தால், பண்டிகை நாளில் முன்பதிவில்லாப் பெட்டியில் இருப்பது போல் நான்கு பேர் நெருக்கியடித்துக்கொண்டு படுக்கலாம் என்றே பொருள், மூட்டைக்கு இடமிராது. ஐந்து பேருக்கு ஆறு பேர் கூடாரம் வாங்கினோம். அதுவும் சற்றுக் குறைவே. துணி எவ்வளவு நீரைத் தாங்கும் என்பதை மில்லிமீட்டர்க் கணக்கில் அச்சிட்டிருப்பார்கள்; 1500-க்குக் குறைவானதை மழைக்கு நம்பக் கூடாது. மேலே தனியாக ஒரு மழைத்துணி தரை வரையில் இறங்கி வருகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சிற்றப்பா மகன் சொன்ன முதல் யோசனை, “அண்ணா, முதல் தடவை வீட்டு வாசலிலேயே விரித்துப் பாருங்கள்” என்பது. ஒரு ஞாயிறன்று அஜ்னி குடியிருப்பில் நம் குவார்ட்டர்ஸுக்கு எதிரே அதைச் செய்தோம். துண்டு துண்டாக உள்ள கண்ணாடியிழைக் கோல்களுக்குள் ரப்பர் நாடா ஓடுகிறது. உதறினால் தாமே ஒன்றோடொன்று பொருந்திக்கொள்கின்றன. பொருந்திய பிறகு எது எந்தப் புழைக்குள் போக வேண்டும் என்பதில் ஒன்றரை மணி நேரம் சென்றது. வேடிக்கை பார்க்க வந்த அண்டை வீட்டு முதியவர், “கல்யாணத்துக்கா, காரியத்துக்கா?” என்று ஹிந்தியில் விசாரித்தார். நின்றபின் இரண்டு வாளி நீரை மேலே கொட்டினோம். ஒரு மூலையில் தையல் வழியே கசிந்தது. அதற்கென்று விற்கும் பசையை வாங்கித் தடவினோம். இந்தக் கசிவை நடுக்காட்டில் நள்ளிரவில் கண்டுபிடித்திருந்தால் நம் குடும்பம் கூடாரம் என்ற சொல்லையே பிறகு உச்சரித்திராது.

நம் அன்னையாருக்கு வயது அறுபத்தெட்டு. “ஏண்டா, சர்க்கார் வீடு கொடுத்திருக்கு. அதைப் பூட்டிட்டுப் போய்க் குறவர் மாதிரி வெளியிலே படுக்கணுமா?” என்று கேட்டார். அப்படிச் சொல்லலாகாது என்று நாம் கூறியதும், “சரி, நாடோடி மாதிரி” என்று திருத்திக்கொண்டார். ஆனால் நாம் எல்லோரும் போகத் தாம் மட்டும் தங்கவும் அவருக்கு மனமில்லை. காப்பி பில்டரைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

முதற் பயணத்துக்கு நாம் மேற்கொண்ட விதிகள் இரண்டே: ஓரிரவுக்கு மேல் கூடாது, கூப்பிடு தூரத்தில் ஒரு வீடு இருக்க வேண்டும். அலுவலகத்தில் நம் எதிர் மேசைக்காரரான மராட்டிய நண்பரின் குடும்பத்துக்குக் காட்டோலில் ஆரஞ்சுத் தோட்டம் உண்டு. நாகபுரியிலிருந்து இட்டார்சி மார்க்கத்தில் சுமார் 60 கிலோமீட்டர். கிணறு, விளக்கு, காவல் நாய், பத்து மரம் தள்ளி அவர்கள் வீடு ஆகிய எல்லாம் அங்கே உள்ளன. காட்டில் தங்க வேண்டுமென்றால் வனத்துறையின் அனுமதி தேவை. தெரிந்தவர் தோட்டமானால் அவர் வாய்மொழியே போதும். டிசம்பர் மாதச் சனிக்கிழமை புறப்பட்டோம்.

அடுப்பைப் பற்றி வீட்டில் வழக்கு நடந்தது. சிறிய எரிவாயு உருளை ஒன்றைப் பைக்குள் வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்று ஓர் உறவினர் யோசனை கூறினார். நாம் ஒப்பவில்லை. எரிவாயு, மண்ணெண்ணெய் போன்றவற்றை ரயிலில் கொண்டுசெல்வது 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 164-ஆம் பிரிவின்படி குற்றம். மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் கிடக்கட்டும். 2023 ஆகஸ்ட் 26 அன்று விடியற்காலையில், வடக்கிலிருந்து வந்த யாத்திரிகர்களின் தனிப்பெட்டி மதுரையில் நின்றிருந்தபோது, விதியை மீறிக் கொண்டுவந்திருந்த உருளையால் தீப்பிடித்து 9 பேர் மாண்டதை நம்மவர் யாரும் மறந்திருக்க முடியாது. ஆகவே அடுப்பின்றியே சென்று, தோட்டத்திலிருந்த கரியடுப்பை இரவல் வாங்கினோம். ‘சிகடி’ என்று இவ்வூரார் சொல்வார்களே, அதுதான். ஓர் அபாயத்தைத் தவிர்த்த பெருமையில் மற்றோர் அபாயத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தோம் என்பது பின்னர்தான் விளங்கிற்று.

கூடாரம் அடிப்பதில் இம்முறை இருபது நிமிடமே ஆயிற்று. கிளைகளுக்கு நேர் கீழே அடிக்கவில்லை. பாத்தியின் பள்ளத்திலும் அடிக்கவில்லை. அது கரிசல் நிலம். குளிர்காலத்தில் கல்லாக இறுகியிருந்தது. கூடாரத்தோடு வந்த மெல்லிய முளைகளில் மூன்று வளைந்துபோயின. தோட்டக்காரர் கொடுத்த கனத்த இரும்பு முளைகளே நின்றன. முளையின் தலை கூடாரத்துக்கு அப்பால் சாய்ந்திருக்குமாறு அடித்தால்தான் கயிறு பிடுங்கிவிடாது. இதை நம் ஒன்பது வயது மகள் நமக்கு முன்பே கண்டுகொண்டாள்.

சமையல் நம் பொறுப்பு என்று புறப்படுமுன்னரே ஒப்பந்தம் செய்திருந்தோம். அடுக்களையைத் தரைக்கு மாற்றி அதே மனைவியை அங்கேயும் உட்கார்த்தி வைப்பதற்கு ஒரு கூடாரம் எதற்கு? பகலுக்கு வீட்டிலிருந்து வந்த புளியோதரை. இரவுக்கு நாம் ஆக்கிய கிச்சடி அடிப்பிடித்தது. அதைப் பற்றி மேலும் எழுதுவதற்கில்லை. நல்ல வேளையாக நண்பரின் தாயார் சோளபாக்கரியும் பிட்லாவும் அனுப்பினார். மனைவியார் மரத்தடியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் குழந்தைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் வேலையின்றி உட்கார்ந்திருந்ததை நாம் பார்த்து நெடுநாளாகியிருந்தது.

இரவு பத்து மணிக்குமேல் குளிர் இறங்கியது. அன்னையாருக்குப் பல் கிட்டியது. இரண்டு கம்பளியும் நம் சால்வையும் போர்த்தினோம், நடுக்கம் நிற்கவில்லை. வெளியே சிகடியில் கரி சிவந்து கனன்றுகொண்டிருந்தது. புகையில்லை, சுவாலையில்லை. அதைத் தூக்கிக் கூடாரத்தின் முன்பகுதியில் வைத்து, காற்று வராமல் வாயிலை இழுத்து மூடினோம். கதகதப்பு பரவிற்று. அன்னையார், “இப்ப சரியாப் போச்சு” என்றார். எல்லோரும் கண்ணயர்ந்தோம்.

எவ்வளவு நேரம் சென்றதோ, ஆறு வயது மகன், “அம்மா, தலை வலிக்குது” என்று அழுதான். நாம் அரைத் தூக்கத்தில், அவன் கிச்சடி சாப்பிட்ட குற்றம் என்று எண்ணிப் புரண்டு படுத்தோம். மனைவியார் எழுந்து உட்கார்ந்தார். அவருக்கும் தலை சுற்றியிருக்கிறது. “என்னங்க, எழுந்திருங்க! அந்த அடுப்பு!” என்று கூவியபடி வாயிலைத் திறந்து, புடவைத் தலைப்பால் சிகடியைப் பிடித்து வெளியே இழுத்துத் தள்ளினார். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, அன்னையாரைக் கைத்தாங்கலாகப் பிடித்து, எல்லோரும் பனியில் வந்து நின்றோம். மகன் வாந்தியெடுத்தான். நமக்குக் கால்கள் தள்ளாடின. நாய் குரைத்தது, நண்பரின் வீட்டில் விளக்கெரிந்தது. அவர் தம் காரில் மகனையும் அன்னையாரையும் காட்டோல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். இருவரும் நலமே என்று தெரிந்து திரும்பும்போது மணி மூன்று.

எரியும் கரி, காற்றோட்டமில்லாத இடத்தில் கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுவாயுவை நிரப்பிவிடுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு அது பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் உறுதியாகப் பற்றிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், வாந்தி; உறங்குகிறவருக்கு அவையும் தெரியாமலே முடிந்துவிடும். வடநாட்டில் குளிர்காலந்தோறும் மூடிய அறையில் கணப்பு வைத்துப் படுத்த குடும்பங்களைப் பற்றிப் பத்திரிகையில் வாசிக்கிறோம்; வாசித்து, ‘ஐயோ பாவம், அறியாத ஜனங்கள்’ என்கிறோம். நாமும் மெட்ரிகுலேஷன் வரை ரசாயனம் படித்தவர்தாம். புகையில்லை என்பதையே பத்திரம் என்று எண்ணினோம். வாயிலைச் சிறிது திறந்து வைத்தால் போதும் என்று யாரேனும் சொன்னால் கேட்க வேண்டாம். கூடாரத்துக்குள் கரியடுப்பு, விறகுக் கணப்பு, எரிவாயு அடுப்பு எதுவும் ஒருபோதும் கூடாது. பின்னர் இதைச் சிற்றப்பா மகனுக்குத் தெரிவித்தபோது, அவன் வண்டியின் சுவரில் இந்த வாயுவுக்கென்றே எச்சரிக்கை மணி ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது என்றான். நமக்கு அன்று மணியாக வாய்த்தது ஒரு குழந்தையின் அழுகை.

அன்னையாரின் குளிருக்கு மருந்து மிக எளியது; நண்பரின் தாயார் காட்டினார். குளிர் மேலிருந்து வரவில்லை, தரையிலிருந்து வந்தது. நாம் போர்வைகளை மேலே அடுக்கினோமேயன்றி, கீழே ஒரு ஜமக்காளத்தோடு நிறுத்தியிருந்தோம். அந்த அம்மையார் கோணிப்பைகளை இரண்டடுக்காகப் பரப்பி, அதன்மேல் பாதிக் கம்பளியை விரித்து, வெந்நீர் நிரப்பிய புட்டி ஒன்றைத் துணியில் சுற்றிக் காலடியில் வைத்தார். அன்னையாரை வீட்டினுள் வந்து படுக்கும்படியும் அழைத்தார். நாமும் மன்றாடினோம். ஆனால் அவரோ, “குழந்தைங்க எங்கேயோ அங்கேதான் நான்” என்று கூடாரத்துக்கே திரும்பினார். விடியும் வரை நாம் வாயிலருகே விழித்திருந்தோம். நால்வருடைய மூச்சையும் எண்ணிக்கொண்டிருந்தோம் என்றாலும் மிகையாகாது.

காலையில், “அப்பா, உள்ளே மழை பெய்யுது!” என்று மகள் கூவினாள். ஐந்து பேர் விட்ட மூச்சின் ஈரம் துணியில் முத்து முத்தாகப் படிந்து சொட்டிற்று. மேலேயுள்ள வலைச் சாளரங்களை மூடிவைத்ததன் பலன் அது. குளிரானாலும் அவற்றைத் திறந்தே வைக்க வேண்டும். வெளியே ஆட்கள் காய் இறக்கிக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் இருவரும் இரவு நடந்ததை மறந்து கூடை சுமக்க ஓடினார்கள். பில்டரில் அன்னையார் காப்பி இறக்கினார். சிகடி திறந்தவெளியில், பத்தடிக்கு அப்பால்.

வீடு திரும்பியதும் செய்ய வேண்டிய வேலை ஒன்றுண்டு. கூடாரத்தை ஈரமாய் மடித்து வைத்தால் பூஞ்சைக்காளான் பிடித்து நாறும். மடிப்பு வண்டிக்காரர்களுக்கும் இதே தொல்லைதானாம். மழையில் மடித்த வண்டியை வீட்டில் மீண்டும் விரித்து உலர்த்துவார்களாம். நாமும் துணிக்கொடியில் இரண்டு நாள் போட்டு வைத்தோம். அண்டை வீட்டு முதியவர் மீண்டும் வந்து, “கல்யாணம் முடிந்துவிட்டதா?” என்றார்.

பிப்ரவரியில் மறுபடியும் காட்டோல் போகிறோம். நாள் குறித்தவர் அன்னையார். சங்க அன்பர்களில் யாரேனும் பழகிப் பார்க்க விரும்பினால், ஏனைய வாரங்களில் கூடாரத்தை இரவல் தரச் சித்தமாயிருக்கிறோம். முளைகள் பதினெட்டு, எண்ணித் தருவோம், எண்ணி வாங்குவோம். உலர்த்தித் திருப்ப வேண்டும். வாங்க வருகிறவர் குடும்பத்தில் ஒருவரேனும் நம் மனைவியாரிடம் சிகடிக் கதையை முழுவதும் கேட்டுவிட்டுத்தான் எடுத்துச் செல்லலாம் என்பது அவர் விதித்த நிபந்தனை.